முதலில் அழுத்தம், பிறகு பொறி

"மேட்டுல இழுக்க மாட்டேங்குதுண்ணே."

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர் ஒர்க்‌ஷாப் வாசலில் இறங்கியதும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மெக்கானிக் பானெட்டைத் திறக்கிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்துகிறார். டிஸ்ட்ரிபியூட்டரை மூடியோடு சேர்த்துப் பிடித்து இப்படியும் அப்படியும் அரை விரற்கடை திருப்பி, தலையைச் சாய்த்துக் கேட்கிறார். எங்கே சத்தம் கொஞ்சம் ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, போல்ட்டை முறுக்கிவிட்டு, "இப்ப ஓட்டிப் பாருங்க சார்" என்கிறார். ஓட்டினால் வண்டி உண்மையாகவே முன்னைவிட நன்றாக இழுக்கிறது. இருவருக்கும் திருப்தி. சில மாதம் கழித்து அதே வண்டியின் சிலிண்டர் ஹெட் கழற்றப்பட்டு மேசைமேல் கிடக்கும்.

இந்த வைத்தியம் முதலில் ஏன் பலிக்கிறது, பிறகு ஏன் கெடுக்கிறது என்று புரிந்துவிட்டால், பழைய எஞ்சினின் நோய்களில் பெரும்பகுதி புரிந்துவிடும். பெட்ரோல் எஞ்சின் இழுப்பதற்கு மூன்று வேண்டும்: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், அந்தக் கலவையை ஒழுகவிடாமல் அழுத்தும் சிலிண்டர், உரிய நொடித்துளியில் விழும் பொறி. முதலாவது கார்புரேட்டரின் கதை; அதை வேறு அத்தியாயத்துக்கு விட்டுவிடுவோம். மற்ற இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கக் கூடியவை. வெளியே தெரியும் அறிகுறியும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே: புல்லிங் இல்லை, மைலேஜ் இல்லை, காலையில் செல்ஃப் அடித்தால் சட்டென்று பிடிப்பதில்லை.

உதாரணத்துக்கு நம் ஊர் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரித்த வண்டி. அதன் பழைய பெட்ரோல் மாடல்களில் இருந்தது பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் எஞ்சின்: நான்கு சிலிண்டர், 1489 சி.சி., போர் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை ஒரு செயின் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அந்தக் கேம்ஷாஃப்ட்டிலிருந்தே ஓட்டம் வாங்குகிறது. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். (டீசல் அம்பாசிடர்காரர்கள் இந்த அத்தியாயத்தில் பாதியைத் தாண்டிவிடலாம். அவர்களுக்குப் பொறியே கிடையாது.)

அழுத்தம் எதற்கு என்ற கேள்விக்கு எஞ்சின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1860-இல் பாரிஸில் லெனுவார் செய்த வாயு எஞ்சின், கலவையை அழுத்தாமல் அப்படியே கொளுத்தியது. ஓடியது, ஆனால் எரிவாயுவைக் குடித்துத் தள்ளியது. 1862-இல் போ த ரோஷா என்ற பிரெஞ்சுப் பொறியாளர், கொளுத்துவதற்கு முன் கலவையை முடிந்த மட்டும் அழுத்த வேண்டும் என்று எழுதிவைத்தார். 1876-இல் ஜெர்மனியின் நிக்கோலாஸ் ஆட்டோ அதை ஓடும் எஞ்சினாகவே செய்து காட்டினார். இழு, அழுத்து, எரி, வெளியேற்று என்ற நான்கு ஸ்ட்ரோக் வரிசை அன்றிலிருந்து மாறவில்லை. எரிந்து சூடான வாயு எத்தனை மடங்கு விரிகிறதோ, அந்த அளவுக்கு வெப்பம் வேலையாக மாறும். மிகச் சிறிய இடத்தில் தொடங்கினால்தான் நிறைய விரிய முடியும். சிலிண்டரில் ஓட்டை இருந்தால் இரண்டு நஷ்டம்: கொளுத்தும் முன்பே கலவையில் ஒரு பங்கு ஓடிப்போகிறது, கொளுத்திய பிறகு அழுத்தத்தில் ஒரு பங்கு அதே வழியாக ஓடிப்போகிறது.

அம்பாசிடரில் 7.2-க்கு 1 என்ற கம்ப்ரஷன் விகிதமும் உண்டு, 8.3-க்கு 1 என்பதும் உண்டு. 7.2 என்பதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். காற்று மண்டலத்தின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அதை 7.2 மடங்கு சுருக்கினால் 106. கேஜ் காற்று மண்டலத்தைக் கழித்துக் காட்டும் கருவி என்பதால் முள் 91-இல் நிற்க வேண்டும். ஆனால் நல்ல எஞ்சினில் 120, 130 என்று காட்டும். மிச்சம் எங்கிருந்து வந்தது? சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அதன் அடிப்பகுதி சுடுவதுபோல, வேகமாக அழுத்தப்படும் காற்று சூடாகிறது. சூடான காற்று இன்னும் அதிகமாகத் தள்ளுகிறது. சூடு கொஞ்சமும் வெளியேறவில்லை, ஒழுக்கு சிறிதும் இல்லை என்று கொண்டால் முள் 200-ஐத் தாண்ட வேண்டும். அந்த உயரத்துக்கும் போகாததற்குக் காரணம், இரும்புச் சுவர் சூட்டை வாங்கிக்கொள்வதும், இன்லெட் வால்வு தாமதமாக மூடுவதும். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பி, கிராங்க் சுமார் 45 டிகிரி சுற்றிய பிறகே அந்த வால்வு மூடுகிறது. அதற்குள் பிஸ்டன் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலேறிவிடும். எஞ்சின் வேகமாக ஓடும்போது உள்ளே பாயும் கலவையின் உந்தம் இதை ஈடுகட்டிவிடும்; செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது கலவையில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

ஆகவே கேஜ் காட்டும் எண் சிலிண்டரின் இயல்பை மட்டும் சொல்வதில்லை. எப்படி அளந்தோம், எங்கே அளந்தோம் என்பதும் அதில் கலந்திருக்கிறது. ஊட்டியில் இருக்கும் ஒரு பழைய காரை எண்ணிப்பாருங்கள். சுமார் 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுத்தான் அதிகம். சென்னையில் 140 காட்டிய அதே எஞ்சின் அங்கே சுமார் 107-தான் காட்டும். இதைத் தெரியாமல் சமவெளிக் கணக்கை அங்கே கொண்டுபோனால், நல்ல எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்ய எழுதிக்கொடுத்துவிடுவோம்.

அளக்கும் முறையில் கண்டிப்பு வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிறுத்திய உடனே செய்ய வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டனும் ரிங்கும் தங்கள் உண்மையான அளவுக்கு விரிந்திருக்காது. நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற மூன்றின் அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற செல்ஃப் திணறும், வேகம் குறையும், எண்ணும் குறையும். காயிலுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். திறந்த பிளக் ஓட்டைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் இடத்தில் பொறி பறக்கக் கூடாது. ஆக்சிலேட்டரை ஒருவர் தரைவரை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் வருவதற்கே காற்று இருக்காது, நான்கு சிலிண்டரும் செத்ததுபோல் தெரியும். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். பிறகு கேஜைப் பிளக் ஓட்டையில் மாட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவாக ஐந்தாறு அழுத்தம் வரும்வரை செல்ஃப் அடித்து, எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும்.

கழற்றிய பிளக்குகளைத் துடைத்துவிடாமல் வந்த வரிசையிலேயே ஒரு பழைய துணிமேல் அடுக்கி வைப்பது நல்லது. மூன்று பிளக்கின் முனை வெளிர்பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் ஆயில் நனைந்து கறுப்பாக இருந்தால், கேஜை மாட்டுவதற்கு முன்பே எந்த எண் குறையப்போகிறது என்று ஊகித்துவிடலாம்.

முள் கடைசியில் எங்கே நின்றது என்பதை மட்டும் பலர் பார்ப்பார்கள். அது எப்படி ஏறியது என்பதில்தான் விஷயம் அதிகம். ஆரோக்கியமான சிலிண்டரில் முதல் அடியிலேயே முள் பாதிக்கு மேல் தாவிவிடும். அடுத்த இரண்டு மூன்று அடிகளில் உச்சிக்குப் போய் நிற்கும். ரிங் தேய்ந்திருந்தால் முதல் அடி சோர்வாக இருக்கும், பிறகு ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். வால்வு ஒழுகினால் முதல் அடியும் குறைவு, அதற்குப் பிறகும் பெரிதாக ஏறாது.

நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பது அடுத்து. 128, 125, 126, 122 என்று வந்தால் கவலையில்லை. 128, 125, 80, 126 என்று வந்தால் மூன்றாவது நோயாளி. பொதுவாக உயர்ந்த எண்ணுக்கும் தாழ்ந்த எண்ணுக்கும் இடையே பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் தேட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் விழுந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்து வழிவிட்டிருக்கிறது என்பதே முதல் சந்தேகம். எல்லாம் அளவுக்கு மீறி உயர்ந்திருந்தாலும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி தடிப்பாகப் படிந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது சிலிண்டரில் ஒழுக்கு மேலேயா கீழேயா? அதற்கு ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் போதும். பிளக் ஓட்டை வழியாக ஊற்றி, செல்ஃபை இரண்டு சுற்று அடித்து ஆயிலைப் பரவவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஆயில் பிஸ்டனைச் சுற்றித் தேங்கி ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலான சந்தை அடைக்கும். 80 என்றிருந்தது 115-க்குப் போனால் ஒழுக்கு ரிங் வழியாக. 83-இலேயே நின்றால் வால்வு அல்லது கேஸ்கெட். ஆயில் அங்கே எட்டாது. சோதனைகளில் இதைப்போல் மலிவானது வேறில்லை. ஆனால் ஆயிலைத் தாராளமாக ஊற்றக் கூடாது. ஊற்றிய ஆயிலே எரி அறையின் இடத்தை நிரப்பிக் கம்ப்ரஷனை ஏற்றிக் காட்டிவிடும். வால்வு நோயாளிக்கு ரிங் மாற்றச் சொல்லிவிடுவோம்.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் எதிர்த்திசையில் போகலாம். சிலிண்டர் காற்றை அழுத்துவதற்குப் பதில், டயர் கடைக் கம்ப்ரசரிலிருந்து நாம் சிலிண்டருக்குள் காற்றை அனுப்பலாம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, இரும்புக் கூட்டில் ஒரு நாசிலைப் பற்றவைத்தால் இணைப்பு தயார். அந்தச் சிலிண்டரை அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காற்றைத் திறக்க வேண்டும். (உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் காற்று பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைச் சுற்றிவிடும். ஹேண்டில் மாட்டியபடி விட்டிருந்தால் கை முறியும்.) பிறகு கேட்க வேண்டியதுதான். கார்புரேட்டர் வாயில் உஸ் என்றால் இன்லெட் வால்வு. சைலன்சர் குழாயில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்தால் கேட்கிறது என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட், அல்லது ஹெட்டிலேயே விரிசல்.

வால்வு விஷயத்தில் பழைய வண்டிக்காரர்கள் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்று உண்டு. டேப்பெட் சத்தம் கேட்டால் பயப்படுகிறார்கள். கேட்காவிட்டால் எஞ்சின் கண்டிஷன் என்கிறார்கள். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே இந்த எஞ்சினில் 0.015 அங்குலம் இடைவெளி வேண்டும். அது கூடினால் டக் டக் என்று சத்தம் வரும், வால்வு கொஞ்சம் குறைவாகத் திறக்கும், அவ்வளவுதான். இடைவெளியே இல்லாமல் போனால் சத்தம் அடங்கிவிடும், ஆனால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கொடுத்து ஆறுகிறது. சரியாக உட்காராத வால்வு ஆற முடியாது. எரியும் வாயு அந்தச் சந்தில் பீறிட்டு வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். சத்தமில்லாத டேப்பெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பேன்.

இடைவெளி எப்படித் தானாகக் குறைகிறது? பெட்ரோலில் அந்தக் காலத்தில் ஈயச் சேர்மம் கலந்திருந்தார்கள். எரியும்போது அது வால்வு சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் முற்றாக நின்றது. நம் நுரையீரலுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் நல்லது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே நேரடியாகச் சீட் வெட்டப்பட்ட பழைய எஞ்சின்களுக்கு மட்டும் கெடுதல். அதிவேகத்திலும் பாரத்திலும் தொடர்ந்து ஓடினால் சீட் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிகிறது, வால்வு மேலே ஏறுகிறது, டேப்பெட் இடைவெளி சுருங்குகிறது. கெட்டியான சீட் வளையங்களை லேத்துப் பட்டறையில் பதித்துக்கொள்வதே நிரந்தரத் தீர்வு. அதுவரை டேப்பெட்டை அடிக்கடி பார்க்க வேண்டும். பார்க்க ஒன்பது கணக்கு உதவும்: எட்டு வால்வில் எது முழுதாகத் திறந்திருக்கிறதோ, அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வரும் வால்வை அட்ஜஸ்ட் செய்யலாம். எட்டாவது திறந்திருந்தால் ஒன்றாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. கேம்ஷாஃப்ட்டின் சமச்சீர் செய்து கொடுக்கும் வசதி இது.

இனி பொறிக்கு வருவோம்.

கலவை வெடிப்பதாகச் சொல்கிறோமே தவிர, ஒழுங்காக ஓடும் எஞ்சினில் அது வெடிப்பதில்லை, எரிகிறது. பிளக்கில் தொடங்கும் தீ அறையின் மறுகோடிக்குப் பரவ இரண்டு மூன்று மில்லி செகண்ட் ஆகும். பிஸ்டன் உச்சியைக் கடந்து கிராங்க் சுமார் 15 டிகிரி திரும்பும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால் தள்ளுதல் மிகச் சிறப்பாக இருக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பு? எஞ்சின் 600 ஆர்.பி.எம்.-இல் சும்மா ஓடும்போது ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 3.6 டிகிரிதான் திரும்புகிறது. 3000 ஆர்.பி.எம்.-இல் 18 டிகிரி. தீ பரவும் நேரம் அவ்வளவாக மாறவில்லை, சுற்றும் வேகம் ஐந்து மடங்கு. ஆகவே வேகம் ஏற ஏறப் பொறியை முன்னே தள்ள வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சிறு எடைகள் சுழற்சியில் வெளியே விரிந்து, ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு இதைச் செய்கின்றன. ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்துச் சமதரையில் போகும்போது கலவை அடர்த்தி குறைவு, தீ மெதுவாகப் பரவும். அப்போது இன்னும் கொஞ்சம் முன்தள்ள, கார்புரேட்டரின் வேக்குவத்தால் இயங்கும் ஒரு டயாஃப்ரம் இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எடை, ஸ்பிரிங், ரப்பர் படலம் ஆகியவற்றால் போட்ட கணக்கு. எனக்கு இன்றைக்கும் இது அழகாகவே படுகிறது.

பொறியை உண்டாக்குவது பாயிண்ட். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் கட்டிக்கொள்கிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிந்து, 12 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாகப் பிளக்கில் பாய்கிறது. 3000 ஆர்.பி.எம்.-இல் நொடிக்கு நூறு முறை இது நடக்கிறது. பக்கத்தில் உள்ள கண்டன்சர் செத்தால் பாயிண்ட்டின் முகத்திலேயே பொறி பறந்து கருகும். பாயிண்ட் எப்போது திறக்கிறது என்பதே டைமிங் என்பதால், பாயிண்ட்டின் இடைவெளியும் டைமிங்கும் பிரிக்க முடியாதவை. இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னேறும். கேம் மேல் உரசும் ஃபைபர் குதிகால் நாளாவட்டத்தில் தேயும்போது இடைவெளி சுருங்கி, டைமிங் தானாகவே பின்வாங்கும். எனவே பாயிண்ட்டைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். இடைவெளி இங்கேயும் சுமார் 0.015 அங்குலம், டேப்பெட்டுக்கு எடுத்த அதே ஃபீலர் கேஜ் இதழ் இதற்கும் ஆகும். அவசரத்துக்கு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச்சேர அது போதும்.

டைமிங் வைக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரைப் பாயிண்ட் டெர்மினலிலும் மற்றொன்றை எர்த்திலும் மாட்டி, சாவியை ஆன் செய்து, ஹேண்டிலால் எஞ்சினை ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். திரும்பவும் பின்னோக்கிச் சுற்றக் கூடாது. பல்சக்கரங்களின் தளர்வு கணக்கைக் கெடுக்கும். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது, திறந்த கணம் எரியும். அந்தக் கணத்தில் கிராங்க் புல்லியின் விளிம்பில் உள்ள வெட்டு, டைமிங் கவரின் முட்களில் மேனுவல் சொல்லும் டிகிரிக்கு நேராக நிற்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு, அதுவும் சிக்க வைக்கிற பொறி. புல்லியின் வெட்டு ஒரே இடத்துக்கு இரண்டு முறை வரும்: ஒருமுறை ஒன்றாவது சிலிண்டர் அழுத்தும்போது, மறுமுறை அது புகையைத் தள்ளி முடிக்கும்போது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியவர் இரண்டாவதைப் பிடித்துவிட்டால், வண்டி ஸ்டார்ட் ஆகாது; கார்புரேட்டர் வழியாகத் தும்மும். ராக்கர் கவரைத் திறந்து நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளைப் பாருங்கள். ஒன்று மூடும்போது மற்றொன்று திறக்கத் தொடங்கி இரண்டும் ஆடினால், ஒன்றாவது சிலிண்டர் அழுத்தத்தின் உச்சியில் இருக்கிறது. பொறி விழும் வரிசை 1-3-4-2. ரோட்டர் சுற்றுவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். பிளக் ஒயர்களை மறந்துபோய்க் கடிகாரத் திசையில் மாட்டினால் மூன்றும் இரண்டும் இடம் மாறிவிடும்.

ஓடும்போது நடப்பதைப் பார்க்க டைமிங் லைட் வேண்டும். ஒன்றாவது பிளக் ஒயரில் மின்சாரம் பாயும்போதெல்லாம் அது பளிச்சிடும்; சுழலும் புல்லியின் வெட்டு நின்றுவிட்டதுபோல் தெரியும். ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் வெட்டு சீராக நகர்ந்து, விட்டால் திரும்பிவர வேண்டும். நகரவே இல்லை என்றால் எடைகள் துருவேறி இறுகிவிட்டன. போனது திரும்பவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்தது, அல்லது அறுந்தது. ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் குதித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது. ஒவ்வொரு பொறிக்கும் பாயிண்ட் இடைவெளி வேறு வேறாக இருக்கிறது. இந்த நிலையில் எவ்வளவு திருத்தமாக டைமிங் வைத்தாலும் அது சராசரிதான். வேக்குவம் டயாஃப்ரத்துக்குக் கருவியே வேண்டாம். குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடித்தால் பாயிண்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது.

பொறி தாமதமானால் கலவை எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கீழே ஓடிவிடும். வேலையாக வேண்டிய சூடு சைலன்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகும். வண்டி சோம்பும், சூடேறும், பெட்ரோல் குடிக்கும். பொறி முந்தினால் விளைவு வேறு. தீ பரவப் பரவ, அது இன்னும் எட்டாத மூலையில் உள்ள கலவை நசுங்கிச் சூடேறி, தானாகவே ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். நாக்கிங் என்பது இதுதான். 73 மி.மீ. அகலச் சிலிண்டருக்குள் அந்த அதிர்வலை நொடிக்கு ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தடவை மோதித் திரும்புவதால் உலோகத்தைத் தட்டுகிற கணகணப்பாகக் கேட்கிறது. டாப் கியரில் மேடேறும்போது கேட்பதற்குக் காரணம், அப்போது த்ராட்டில் முழுதாகத் திறந்து சிலிண்டர் நிறையக் கலவை இருப்பதும், வேகம் குறைவாக இருப்பதால் மூலைக் கலவை சூடேறப் போதிய அவகாசம் கிடைப்பதும்.

அழுத்தத்தின் குற்றத்தைப் பொறியின் தலையில் போடுவது புதிதல்ல. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிப் பேட்டரி, காயில், பாயிண்ட் கொண்ட இக்னிஷனைக் காடிலாக் கார்களுக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டில் செல்ஃப் ஸ்டார்ட்டரும் அவர் கையால் வந்தது. எஞ்சின்கள் நாக் அடிக்கத் தொடங்கியபோது பழி அவருடைய இக்னிஷன்மேல் விழுந்தது. அதைத் துடைக்கத் தன் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரை விசாரிக்க வைத்தார். குற்றவாளி பொறி அல்ல, அழுத்தத்தைத் தாங்க முடியாத பெட்ரோல் என்று தெரியவந்தது. அந்தத் தேடலின் முடிவில் 1921-இல் மிட்ஜ்லி கண்டடைந்ததுதான் ஈயச் சேர்மம். நம் அம்பாசிடரின் வால்வு சீட்டைக் காத்துக்கொண்டிருந்த அதே ஈயம். உலகத்தின் காற்றை அரை நூற்றாண்டுக்கும் மேல் கெடுத்ததும் அதேதான்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டரைக் காதால் திருப்பிய மெக்கானிக்கிடம் திரும்பலாம். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் கலவை அடர்த்தியும் சூடும் குறைவு. தீ மெதுவாகவே பரவும். அதற்குப் பொறி இன்னும் முன்னதாக விழுந்தால் நல்லது. மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஒழுகும் எஞ்சினில் டைமிங்கை முன்தள்ளினால் அது கொஞ்சம் சுறுசுறுப்பாகும், மொத்த ஓட்டமும் மேம்பட்டதாகத் தோன்றும். ஆனால் நான்கு சிலிண்டருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றுதான். நோயாளிக்கு ஏற்ற டைமிங் ஆரோக்கியமான மூன்றுக்கும் அதிகம். அவை மெல்ல நாக் அடிக்கின்றன. நகரத்து இரைச்சலில் அது காதில் விழுவதில்லை. பிஸ்டன் சூடேறுகிறது, ரிங் பள்ளங்களின் விளிம்பு அடிபடுகிறது, கேஸ்கெட் நசுங்குகிறது. ஒரு வால்வை லேப்பிங் செய்து முடித்திருக்க வேண்டிய வேலை முழு எஞ்சின் வேலையாகிறது. கம்ப்ரஷன் பார்க்காமல் டைமிங்கைத் தொடாதே என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. அளவைகள் நான்கும் சமமாக வந்த எஞ்சினில்தான் மேனுவல் சொல்லும் டிகிரிக்கு அர்த்தம் இருக்கிறது.

கடைசியாக ஒரு சிக்கலான கேஸ். நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல் 95, 95 என்கின்றன. ஆயில் ஊற்றினாலும் பெரிதாக ஏறவில்லை. புகை இல்லை, ஆயில் குடிப்பதில்லை. டைமிங்கும் சில டிகிரி பின்னால் கிடக்கிறது. நான்கு சிலிண்டரின் வால்வும் ஒரே அளவில் கெட்டுப்போவது நடக்கிற காரியமா? தொடக்கத்தில் சொன்ன கேம்ஷாஃப்ட் செயின் இங்கே வருகிறது. அது நீண்டு தொய்ந்துவிட்டாலோ, சக்கரத்தில் ஒரு பல் தாவிவிட்டாலோ கேம்ஷாஃப்ட் பின்தங்கும். இன்லெட் வால்வு இன்னும் தாமதமாக மூடும். பிஸ்டன் இன்னும் அதிகக் கலவையை வெளியே தள்ளிவிடும். நான்கிலும் அழுத்தம் ஒருசேர விழும். டிஸ்ட்ரிபியூட்டரும் அதே கேம்ஷாஃப்ட்டிலிருந்து ஓடுவதால் பொறியும் கூடவே பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் பொறி மட்டும் சரியாகும், வால்வு அப்படியே இருக்கும்.

சோதிப்பது எளிது. பிளக்குகளையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழற்றி, ஹேண்டிலால் எஞ்சினை ஓடும் திசையில் சுற்றி, புல்லியின் வெட்டை உச்சிக்குறிக்கு நேராக நிறுத்துங்கள். பிறகு புல்லியை எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே ரோட்டரைப் பாருங்கள். டைமிங் வைக்கும்போது கூடாது என்றதை இங்கே வேண்டுமென்றே செய்கிறோம். ரோட்டர் அசையத் தொடங்கும்வரை கிராங்க் எத்தனை டிகிரி வெறுமனே திரும்பியதோ, அவ்வளவு தளர்வு. சில டிகிரி எந்தப் பழைய எஞ்சினிலும் இருக்கும். பத்தைத் தாண்டினால் டைமிங் கவரைத் திறந்து செயினையும் டென்ஷனரையும் பார்த்தாக வேண்டும். தளர்வு அதிகமில்லாமல் எண்கள் மட்டும் தாழ்ந்திருந்தால் பல் தாவியிருக்கலாம். அப்போதும் கவரைத் திறந்து இரண்டு சக்கரங்களின் குறிகளும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குறிகளை நேராக்கிப் புதுச் செயின் போட்டபின் வரிசை மாறாது: டேப்பெட், கம்ப்ரஷன், பாயிண்ட், அதற்குப் பிறகு டைமிங்.